அந்தத் துணிகளை நான் வெட்டவில்லை

தம்பி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். பேசினால் நீ முழுதாகக் கேட்கமாட்டாய். பாதியில் சிரிப்பாய், இல்லையென்றால் "நேரமாச்சும்மா, சாயந்தரம் பேசுவோம்" என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். உன் அப்பாவிடமும் எந்தப் பேச்சையும் நான் கடைசிவரை பேசி முடித்ததில்லை. எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆறாம் வகுப்புவரை படித்த தமிழ்தான் எனக்கு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். மற்ற எதையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி இதை எழுதவில்லை.

சென்ற மாதம் உன் நிச்சயதார்த்தம் முடிந்து, சிராங்கூன் ரோட்டு உணவகத்தின் மாடியில் இரண்டு வீட்டாரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஸ்டெல்லாவின் அம்மா என் பக்கத்தில் இருந்தார். மரியாதைக்கு ஏதாவது பேசவேண்டுமே என்று என் புடவையைத் தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்குங்க, எங்க எடுத்தீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "எங்கம்மாவுக்குத் துணியெல்லாம் ஒரு விஷயமே இல்ல ஆன்ட்டி. நான் பிரைமரி டூ படிக்கிறப்போ ஒரே நாள்ல இருந்த துணி எல்லாத்தையும் வெட்டி, கட்டம் கட்டமா மடிச்சு, தரை துடைக்கப் போட்டுட்டாங்க. அலமாரியே காலி லா!" மேசை முழுக்கச் சிரித்தது. மேரி அத்தையும் சிரித்தாள். நானும் சிரித்தேன். பதினேழு வருடமாக அந்தக் கதைக்கு நான் சிரித்து வருகிறேன். என் முகத்துக்கு அது தானாகவே வந்துவிடுகிறது.

அதோடு போயிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா வேலை முடிந்து நம் வீட்டுக்கு வந்தாள். சாம்பல் நிற ஜாக்கெட், அதற்குள் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு சட்டை. நான் அழகாக இருக்கிறது என்று சொன்னதுமே அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சமையலறையில் என்னோடு நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அப்பா படுக்கையில் இருப்பதால் சம்பளத்தில் பெரும்பகுதி வீட்டுக்குப் போய்விடுகிறதாம். சட்டை அவளுடைய பெரியம்மா மகள் போட்டுக் கழித்தது, தோளைப் பிரித்துத் தைத்துக்கொண்டாளாம். ஜாக்கெட் மட்டும் கடையில் தள்ளுபடியில் வாங்கியது. "மூணு சட்டை, ரெண்டு ஸ்கர்ட், இந்த ஜாக்கெட் ஒண்ணு. மாத்தி மாத்திப் போட்டா ரெண்டு வாரம் ஓடும் ஆன்ட்டி. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். தோள் தையலைத் திருப்பிப் பார்த்தேன். கையால் போட்ட தையல், ஒரே சீராக இருந்தது.

தேநீர் கலக்க நான் அடுப்பு பக்கம் திரும்பினேன், அவள் கூடத்துக்கு வந்தாள். நீ செய்தித்தாளைத் தாழ்த்தி அவளை மேலும் கீழும் பார்த்திருக்கவேண்டும். உன் குரல் மட்டும்தான் எனக்குக் கேட்டது. "ஆபீசுக்குத்தானே போற? யாருக்காக இவ்வளவு?"

அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். "எனக்காகத்தான்" என்றாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்றாய்.

அவள் சிரிப்பு நின்றது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் அதைத் துடைக்கவில்லை. நீ கத்தவில்லை, திட்டவில்லை. தண்ணீர் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாய். உன் அப்பாவும் அப்படித்தான் கேட்டார், இதே வார்த்தையை, இதே குரலில். அப்படிக் கேட்டதற்குப் பின் அவர் ஒன்றைச் செய்த நாளில் நீ வீட்டில் இல்லை. உன்னை அனுப்பியிருந்தார்.

நீ பிரைமரி டூ படித்த வருடம் நாம் தோ பாயோவில் ஏழாவது மாடி வாடகை வீட்டில் இருந்தோம். ஓர் அறை, ஒரு கூடம். அப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க். அந்த வருடம் அவருக்கு ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். நான் வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹை ஸ்திரீட்டில் ஒரு பெரிய துணிக்கடையில் தமிழ் பேசுகிற விற்பனைப் பெண் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். மிஸ் லிம் என்ற சீனப் பெண்தான் எங்கள் பகுதிக்கு மேற்பார்வை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். இங்கிலீஷும் மலாயும் கலந்து என்னோடு பேசுவாள். மூன்று மாதம் தற்காலிக வேலை, அதற்குப் பிறகு நிரந்தரமாக்கி யூனிபார்ம் கொடுப்பார்கள், அதுவரை சொந்தத் துணிதான் என்றாள். என்ன உடுத்தினாலும் சரி, பளிச்சென்று இருக்கவேண்டும், துணி வாங்க வருகிறவர்கள் முதலில் துணி விற்கிறவளின் துணியைத்தான் பார்ப்பார்கள் என்றாள். அது உண்மை என்று ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

என்னிடம் இருந்தது என்ன? கல்யாணப் பட்டு ஒன்று. கல்யாணத்தின்போது எடுத்த நைலக்ஸ் புடவைகள் ஐந்து, எல்லாம் ஓரம் நைந்தவை. நூல் புடவை மூன்று, நிறம் போனவை. கல்யாணத்துக்கு முன் போட்ட கவுன் இரண்டு, இடுப்பில் ஏறாது. பத்து வருடத்தில் எனக்கென்று ஒரு துணி எடுத்ததில்லை. இரண்டாவது வாரம் மிஸ் லிம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "அதே புடவையா லா?" என்றாள். அவமானப்படுத்தச் சொல்லவில்லை. அவளுக்கு மேலே உள்ளவன் அவளைக் கேட்டிருக்கிறான். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை என் காது சுட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ புடவைக் குவியலுக்குள் புகுந்து விளையாடினாய். அடுத்த வீட்டு மினா அக்கா தன் தையல் மெஷினை நம் வீட்டுக்கே தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் மலாய்க்காரி, நான்கு பிள்ளைகளின் துணியையும் தானே தைப்பவள். முதலில் எல்லாவற்றையும் மூன்றாகப் பிரிக்கச் சொன்னாள். அப்படியே போடக்கூடியது, கொஞ்சம் கைவைத்தால் போடக்கூடியது, இனி வெறும் துணியாக மட்டும் பயன்படுவது. கையில் காசில்லாதவள் முதலில் கடைக்குப் போகக்கூடாது, அலமாரிக்குத்தான் போகவேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன். கடைக்குப் போனால் தனியாக நிற்கிற ஒன்றை வாங்கி வருவாய், அதற்குப் பொருத்தமாக வீட்டில் ஒன்றும் இருக்காது. இருப்பதைப் பரப்பிப் பார்த்தால்தான் எது எதோடு சேரும் என்று தெரியும்.

நைந்த ஓரங்களை வெட்டிவிட்டு, தேக்கா பக்கத்துப் பொத்தான் கடையில் ரிப்பனும் மெல்லிய லேசும் வாங்கி வைத்துத் தைத்தோம். நிறம் போன மூன்று நூல் புடவைகளையும் ஒரு பெரிய மண்ணெண்ணெய் டின்னில் உப்புப் போட்டு, கருநீலச் சாயப் பொட்டலம் கலந்து கொதிக்கவைத்தோம். மாடி நடைவழியெல்லாம் நீலச் சொட்டு. கீழ்மாடிச் சீனக் கிழவர் மேலே பார்த்து ஏசினார். அதில் ஒன்று முந்தானைப் பக்கம் கிழிந்திருந்ததால், அதை வெட்டி மடிப்பு வைத்த நீண்ட பாவாடையாக்கினோம். மீதித் துணியில் இன்னொரு பாவாடை, முழங்காலுக்குக் கீழே வரைக்கும். கவுன்கள் இரண்டையும் இடுப்போடு வெட்டி மேல்சட்டையாக்கினோம். அப்பாவின் வெள்ளைச் சட்டை ஒன்று காலர் கிழிந்து கிடந்தது. அதைக் கேட்டுத்தான் எடுத்தேன். "எடுத்துக்கோ, எனக்கு எதுக்கு" என்றார். காலரை எடுத்துவிட்டு, கையைக் குறைத்து, உன் ஞானஸ்நான உடுப்பில் இருந்த முத்துப் பொத்தான்களைப் பிரித்து அதில் வைத்தேன். கடையில் விற்காமல் மிஞ்சுகிற துண்டுத் துணிகளை வேலைக்காரர்களுக்குச் சல்லிசாகக் கொடுப்பார்கள். அதில் ரவிக்கை நான்கு. எல்லாம் சேர்ந்து கருநீலம், வெள்ளை, கொஞ்சம் மஞ்சள். எதை எடுத்து எதோடு போட்டாலும் பொருந்தும்படி மினா அக்கா அப்படிப் பிடிவாதமாக நிறம் தேர்ந்தாள்.

மூன்று வாரம், வேலை முடிந்து வந்து சமைத்து, பிறகு தைத்தோம். கடைசியில் நான் அந்தக் கருநீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டு நின்றபோது மினா அக்கா என்னைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, "பாகூஸ்!" என்று கை தட்டினாள். நீயும் கை தட்டினாய். நம் வீட்டில் ஆளுயரக் கண்ணாடி இல்லை. அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கண்ணாடியில் இருந்தவளை எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன்பும் பின்பும் அப்படித் தோன்றியதில்லை.

கடையில் எல்லாம் மாறியது. ஒரு வாடிக்கைக்காரி நான் போட்டிருந்த ரவிக்கைத் துணியே வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். மிஸ் லிம் என்னை முன்வரிசை மேசைக்கு மாற்றினாள். "நீ நிரந்தரம்தான், கவலைப்படாதே. இன்னும் ஐந்து வாரம்" என்று சொன்னாள். அதை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ம்" என்றார்.

மேரி அத்தை அப்போது நமக்கு இரண்டு பிளாக் தள்ளி இருந்தாள். அப்பாவுக்கு அவள் ஒரே அக்கா. பஸ் நிறுத்தத்தில் என்னைக் காலையில் பார்ப்பாள். முதலில், "புதுசா?" என்றாள். பழசுதான் அக்கா, வெட்டித் தைத்தது என்றேன். நம்பவில்லை. பிறகு ஒருநாள் கோயில் வாசலில், அப்பாவும் கேட்கும்படி, "உன் பொண்டாட்டி வர வர சினிமாக்காரி மாதிரி ஆயிட்டா லா. கடையில சம்பளம் குடுக்கிறாங்களா, துணி குடுக்கிறாங்களா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அன்று மாலை அவர் என்னிடம் கேட்டார். "யாருக்காக இவ்வளவு?"

நான் சொன்னேன், கடையில் கேட்கிறார்கள், எல்லாம் நம் வீட்டுப் பழந்துணிதான், உங்கள் சட்டைகூட இதில் இருக்கிறது என்று. அந்தக் கடைசி வார்த்தைதான் தப்பாகப் போயிற்று என்று பின்னால் நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. எதைச் சொல்லியிருந்தாலும் தப்பாகத்தான் போயிருக்கும். கேள்வி கேட்கிற மாதிரி இருந்ததே ஒழிய, அவருக்குப் பதில் தேவைப்படவில்லை.

ஒரு சனிக்கிழமை. எனக்கு வேலை, அவருக்கு விடுப்பு. நான் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். உன்னை மேரி அத்தை வீட்டில் விட்டிருந்தார். கதவு திறந்திருந்தது. அவர் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மினா அக்காவின் பெரிய கத்தரிக்கோல். அவர் எதையும் கிழித்து எறிந்திருக்கவில்லை, தம்பி. அப்படிச் செய்திருந்தால் கோபத்தில் செய்தார் என்று மன்னித்திருப்பேன். உன் பள்ளிக்கூட அடிக்கோலை வைத்து, அளந்து, கைக்குட்டை அளவுச் சதுரங்களாக வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டியவற்றை மடித்து அடுக்கியிருந்தார். நீலம் ஓர் அடுக்கு, வெள்ளை ஓர் அடுக்கு. முத்துப் பொத்தான்களைக்கூடப் பிரித்து ஒரு சோசரில் போட்டிருந்தார். அவர் எதையும் வீணாக்காத மனிதர். கல்யாணப் பட்டையும், எங்களால் சரிசெய்ய முடியாமல் ஒதுக்கிவைத்த இரண்டு நைந்த புடவைகளையும் தொடவில்லை. நான் அப்போது உடுத்தியிருந்தது மஞ்சள் நைலக்ஸ். அதை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தரை துடைக்க ஆகும்" என்றார்.

நான் என்ன செய்தேன் என்று கேள். கத்தவில்லை. கத்தரிக்கோலைப் பிடுங்கவில்லை. உள்ளே போய் அந்த மஞ்சள் புடவையை அவிழ்த்து, நைந்த புடவைகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, மஞ்சளை அவர் பக்கத்தில் வைத்தேன். நானே வைத்தேன். அவர் அதையும் வெட்டினார். நான் சோறு வடித்தேன்.

ஆறு மணிக்கு மேரி அத்தை உன்னைக் கூட்டி வந்தாள். நீ அடுக்குகளைப் பார்த்து ஓடிவந்து, "இது ஏம்மா துணியெல்லாம் வெட்டிட்டாங்க? யாரு வெட்டுனா?" என்று கேட்டாய். உன் கண் கலங்கியிருந்தது. அந்த நீலப் பாவாடை உனக்குப் பிடிக்கும். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை வாசலில் நின்றாள். இப்போது சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அந்த இடத்தில்தான். அவர் வெட்டியதைவிடப் பெரியது. நான் சிரித்துக்கொண்டே, "பழசாப் போச்சு தம்பி, அம்மாதான் வெட்டுனேன். தரை துடைக்கலாம்ல" என்றேன்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நன்றிதான் அது. அவர் மன்னிப்புக் கேட்கவேண்டிய வேலையை நான் மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டேன். உனக்கு உன் அப்பா நல்லவராகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். அதைத் தியாகம் என்றுகூட அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு நீலச் சதுரத்தை எடுத்து உன் சப்பாத்தைத் துடைக்க ஆரம்பித்தாய். பிரைமரி சிக்ஸ்வரை நீ அந்தத் துணியில்தான் சப்பாத்து துடைத்தாய். நான் பாவாடையாகப் போட்டது மொத்தம் ஒரு மாதம்.

கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மினா அக்கா அதன் இடுக்கில் சிக்கியிருந்த நீல நூலைப் பார்த்தாள். என் புடவையைப் பார்த்தாள். உடனே உட்கார்ந்துவிட்டாள். "நீ கேட்டாய் என்று சொல்லி வாங்கிப் போனாரே. நான்தானே எடுத்துக் கொடுத்தேன்" என்று மலாயில் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன். அந்த நாளில் எனக்காக அழுதவள் அவள் ஒருத்திதான். அவளுக்கும் நான்தான் கண் துடைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை நைந்த புடவையோடு கடைக்குப் போனேன். மிஸ் லிம், "உன் நல்ல துணியெல்லாம் எங்கே?" என்றாள். இஸ்திரி போடும்போது எரிந்துவிட்டது என்றேன். எல்லாமுமா என்றாள். எல்லாமும் என்றேன். அவள் முட்டாள் இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரு காகிதப் பையில் தன்னுடைய உடுப்பு மூன்றைக் கொண்டுவந்து, யாரும் பார்க்காத இடத்தில் கொடுத்தாள். "மூன்று வாரம்தான். பிறகு யூனிபார்ம் வந்துவிடும். போட்டுக்கொள்" என்றாள். நான் வாங்கவில்லை. ரோஷம். வீட்டில் காட்டவேண்டிய ரோஷத்தை, எனக்கு நல்லது நினைத்தவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பையைப் பிடித்த கையோடு அவள் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த வாரம் என்னை முன்வரிசையிலிருந்து பின்னறைக்கு, பொட்டலம் கட்ட மாற்றினார்கள். மறுவாரம் நானே நின்றுவிட்டேன்.

அப்பா வேலையை விடச் சொல்லவே இல்லை. பின்னாளில் யாராவது கேட்டால், "நான் ஒண்ணும் சொல்லல, அவளேதான் நின்னுட்டா" என்பார். அது உண்மையும்கூட. அவர் என்னை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. குடித்ததில்லை. சம்பளத்தை முழுசாக வீட்டுக்குக் கொண்டுவருவார். கோயிலில் இன்றைக்கும் அவரைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொல்பவர் கிடையாது. இதையெல்லாம் எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் தெரியுமா? ஒரு பெண் தன் புருஷன் நல்லவன் என்பதற்கு அவன் செய்யாதவற்றை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தால், அங்கே என்ன நடந்தது என்று கேட்கவேண்டும், தம்பி. யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து ஷெண்டன் வே பக்கம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலைக்குப் போனேன். நீலக் கோட்டு கொடுத்தார்கள், கழுத்திலிருந்து முழங்கால்வரை. அதற்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. யாருக்காக என்று கேட்கவில்லை. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் பதினாறு வருடம் ஊரார் கழிப்பறையைக் கழுவினேன், அவருக்கு அது வெட்கமாக இல்லை. அந்தக் கோட்டில் என்னை யாரும் பார்க்கமாட்டார்கள் அல்லவா? நீ பாலிடெக்னிக் படித்ததும், பிடோக்கில் இந்த வீட்டை வாங்கியதும் அதில்தான். அதை நீயும் வெட்கப்படாமல் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறாய். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தத் துணிக்கடை வேலை போனது ஏன் என்று நீ கேட்டதே இல்லை. அம்மா கடையில் வேலை பார்த்தாள் என்பதே உனக்கு மறந்துபோயிருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு மத்தியானம் நீ சாப்பிடக் கீழே போயிருந்தாய். அவர் என் புடவை முந்தானையைப் பிடித்து, விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தத் துணி..." என்றார். எனக்கு உடனே புரிந்தது. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அவர் வாயைத் திறந்தார். நான் என்ன செய்தேன்? "அதெல்லாம் இப்ப எதுக்குங்க, விடுங்க" என்றேன். மூச்சு வாங்குகிறவரைப் பேசவைக்கவேண்டாம் என்று நினைத்ததாக உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம். உண்மை அது இல்லை. அவர் அழுதால் நான் மன்னிக்கவேண்டியிருக்குமே என்று பயந்தேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை, மூன்று நாளில் போய்விட்டார். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தால், உனக்கு இதை அவரே சொல்லிவிட்டுப் போயிருப்பாரோ என்னவோ. அந்த வாய்ப்பையும் நான்தான் கெடுத்தேன்.

நீ உன் அப்பா இல்லை. அதை நான் ஆயிரம் தடவை எனக்குச் சொல்லிக்கொண்டேன். நீ கனிவானவன். ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல் என்றால் வேலையை விட்டு ஓடுகிறாய். ஆனால் உன் அப்பாவும் கனிவானவர்தான். எனக்குப் பிரசவ வலி வந்தபோது அப்போது இருந்த பழைய வீட்டிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி இறங்கினார். நீ என்ன செய்துவிடுவாயோ என்று எனக்குப் பயமில்லை. செய்துவிட்டு அதை மறந்துவிடுவாயோ என்றுதான் பயம். அவள் உனக்காக ஒரு கதை கட்டுவாள், உன் பிள்ளை அதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைப்பான். அப்படி ஒரு பிள்ளையை நான் வளர்த்துவிட்டேன். நீ சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உன்மேல் வந்தது கோபம்தான். பெற்ற பிள்ளைமேல் வரக்கூடாத கோபம். அதற்குக் காரணம் நீ இல்லை என்று தெரிந்தும் வந்தது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

போன ஞாயிறு கோயிலில் உங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். உன் பெயர், அப்பாவின் பெயர், என் பெயர், ஸ்டெல்லாவின் பெயர். நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். சாமியார் வழக்கம்போல, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசித்தார். எத்தனையோ பேருடைய ஓலையில் அதைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கல்யாணம் நிற்கவேண்டும் என்று நான் விரும்பவில்லை. நடக்கவேண்டும் என்றுதான் விரும்புகிறேன், ஆனால் எந்த வீட்டுக்கு வருகிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கவேண்டும். நீயே தெம்பனிசுக்கு, அவள் வீட்டுக்குப் போய் அவளை உட்காரவைத்து, இதை முழுவதும் சொல். அந்த வெள்ளிக்கிழமை அவளிடம் கேட்ட கேள்வியையும், அது உனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல். கேட்டுவிட்டு அவள் என்ன சொல்கிறாளோ, அது அவள் இஷ்டம். அவள் யோசிக்க நாள் கேட்டால் கொடு.

இன்னும் இரண்டு ஞாயிறு, இரண்டு ஓலை இருக்கிறது. இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இன்னொரு தாளிலும் எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். மேலே ஸ்டெல்லாவின் முகவரி எழுதியாயிற்று. தபால்தலை மட்டும் இன்னும் ஒட்டவில்லை.

உன் அம்மா